ஞானமுத்து வயிற்றில் யாருடைய பூச்சி?

பிறத்தியார் வெளிக்கிருந்ததைக் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குவதும் ஓர் உத்தியோகம்தான். பெண் கேட்டுப் போகிற வீட்டில் அதைச் சொல்லிப் பாருங்கள், அதன் மதிப்பு தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அருப்புக்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அதே காம்பவுண்டுக்குள் பள்ளிக்கூடமும் பையன்கள் விடுதியும். ஆஸ்பத்திரியில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே மேஜை, மேஜைமேல் மைக்ராஸ்கோப், அதன்மேல் குனிந்தபடி நான். கரண்டு கிடையாது. வெளிச்சத்தைச் சின்னக் கண்ணாடியில் பிடித்துக் குழலுக்குள் அனுப்பித்தான் பார்க்கவேண்டும். மேகம் மூடினால் எனக்கு லீவு என்று வேலைக்குச் சேர்ந்தபோது சொன்னார்கள். அந்தச் சீமையில் எப்போது மேகம் மூடும் என்று உங்களுக்கே தெரியும். லீவு எடுத்ததாக ஞாபகம் இல்லை.

மாசிலாமணி என்று எனக்கு அருமையாகத்தான் பெயர் வைத்திருந்தார்கள். ஒருவரும் கூப்பிட்டது கிடையாது. முகத்துக்கு நேரே 'பூதக்கண்ணாடி ஐயா'. முதுகுக்குப் பின்னால் 'பீ பாக்குறவுக'. அதிலும் மரியாதை குறையாமல்தான் சொன்னார்கள், அதுவரைக்கும் சந்தோஷம். நீங்களும் என்றைக்காவது ஒரு டப்பியைத் துண்டுக்குள்ளோ முந்தானைக்குள்ளோ மறைத்துக்கொண்டு, தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு வரிசையில் நின்றிருப்பீர்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். பட்ட பாடு ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். அதனால் கூச்சப்படாமல் சொல்கிறேன், நீங்களும் மூக்கைப் பிடிக்காமல் கேளுங்கள். இதில் முக்கால்வாசி ஒரு சமையல்காரர் தம் அடுப்பை இழக்க இருந்த கதை. மீதி அதற்கு முன்னால் நடந்தது.

குறைவு வரக்கூடாது

யுத்தத்தில் தகரத்துக்குப் பஞ்சம். ஆஸ்பத்திரி டப்பி தீர்ந்துபோய், 'நெல்லிக்காய் அளவு போதும், கிடைத்ததில் கொண்டு வாருங்கள்' என்று சொல்லிவிட்டோம். அதற்கப்புறம் சிரட்டையில் வந்தது, பனையோலைப் பட்டையில் வந்தது, தீப்பெட்டியில் வந்தது. ஒரு தரம் வெற்றிலைப் பெட்டியில் வந்தது. மறு தட்டில் சுண்ணாம்பும் பாக்கும் அப்படியே இருந்தன.

திருச்சுழிப் பக்கம் ஒரு பெரிய சம்சாரி. நாலு கிணறு, ஏழெட்டு ஜோடி மாடு. அவருக்கு வயிற்று வலி. சோதனைக்குக் கொடுத்தனுப்புங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை வில்வண்டி ஒன்று காம்பவுண்டுக்குள் வந்தது. அதிலிருந்து ஒரு பண்ணையாள் மண்கலயத்தை ரெண்டு கையாலும் அணைத்தபடி இறங்கினார். வாய்க்கு வெள்ளைத்துணி கட்டி, மேலே வேப்பங்கொத்து செருகியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஏதோ சாமி காரியம் என்று நினைத்து வழிவிட்டார்கள். ரெண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதை ஜன்னல் வழியாக வாங்கிய என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் சம்சாரி நேரில் வந்தபோது, இத்தனை எதற்கு ஐயா, நெல்லிக்காய் அளவு போதுமே என்றேன். அவர் வருத்தப்பட்டதுபோலத் தெரிந்தது. "எங்க வீட்டுல இருந்து எது போனாலும் கொறவா போச்சுன்னு ஒரு பேச்சு வந்துறக்கூடாது தம்பி" என்றார்.

பர்மாப் பூச்சி

நரிக்குடிக்காரர் சுப்பையா. பட்டாளத்துக்குப் போய், பர்மாச் சண்டையிலிருந்து லீவில் வந்தவர். வந்தது முதல் வயிறு நிற்கவே இல்லை. அவருடையதைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தேன். நாக்குப்பூச்சி முட்டை, கொக்கிப்புழு முட்டை, சீதபேதிக் கிருமி எல்லாம் எனக்கு அத்துப்படி. இது அதில் எதுவும் இல்லை. நீள்வட்டமாக, பளிங்குபோல ஓர் ஓடு. உள்ளே ஒரே ஓர் உருண்டை. மொச்சைத் தோலுக்குள் ஒரு கடுகைப் போட்டு மூடியதுபோல இருந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

டாக்டரம்மா மதுரைக்காரர். நிதானமான மனுஷி. எதையும் புத்தகத்தில் பார்க்காமல் சொல்லமாட்டார்கள். தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, இது காக்ஸிடியா என்றார்கள். கோழிக்கு ஒரு ஜாதி, ஆட்டுக்கு ஒரு ஜாதி, முயலுக்கு ஒரு ஜாதி என்று பிராணிக்குப் பிராணி இது உண்டாம். மனுஷனுக்கென்றும் உண்டு, ஆனால் அபூர்வமாம். சரியாகச் சொன்னால் முட்டைகூட இல்லை, கிருமியே ஓட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறதாம். நாங்கள் கடைசிவரை முட்டை என்றே சொன்னோம். அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழியும் சொன்னார்கள். ஆரஞ்சு நிற மருந்துத் தண்ணீரில் கலந்து சாஸரில் ஊற்றிச் சில நாள் வைக்கவேண்டும். மனுஷனுடையது என்றால் உள்ளே ரெண்டாகப் பிரியும், ஆடு கோழியுடையது நாலாகப் பிரியும். சுப்பையாவுடையது ரெண்டாகப் பிரிந்தது.

இதற்கு மருந்து கிடையாது, தானே போய்விடும், கஞ்சி குடித்து ஓய்வாக இருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். மருந்தில்லாத சீக்கு என்றதும் சுப்பையாவுக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே. மாமன் மச்சான்களைக் கூட்டிவந்து வரிசையாக மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தார். 'எப்பிடி மினுக்குது பாரு, பர்மாக்காரன்' என்று பக்கத்தில் நின்று விளக்கம் வேறு. கொஞ்ச நாளில் வயிறு சரியாகி, சில்லும் சுத்தமாக வந்தது. ஒன்றுமில்லை, போய்விட்டது என்று நல்ல சேதி சொன்னேன். மனுஷனுக்கு முகம் விழுந்துபோயிற்று. "பர்மாவுல இருந்து நான் கொண்டாந்தது அது ஒண்ணுதான்யா. அதையும் இங்கன வந்து தொலைச்சுட்டேனே" என்றார்.

அடுப்புக்குத் தடை

அந்த வருஷம் புரட்டாசியில் ஊருணித் தண்ணீர் அடிமண்ணைத் தொட்டுவிட்டது. விடுதிப் பையன்களுக்கு ஒருத்தன் பின் ஒருத்தனாக வயிற்றுப்போக்கு. டாக்டரம்மா அத்தனை பேருடையதையும் சோதிக்கச் சொன்னதோடு, சமையல்கட்டில் கை வைக்கிறவர்களுடையதையும் கேட்டார்கள். சமையல்கட்டு என்றால் ஞானமுத்து அண்ணாச்சிதான்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆள் ஆறடி, குரல் குழந்தைக் குரல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஆடு அறுத்துக் கூறு போட்டுக்கொள்ளும். குடல் மட்டும் கூறில் சேராது. கறி வெட்டிக் கொடுக்கிற ஞானமுத்துவுக்குப் போய்விடும். அவர் அதை வீட்டில் வைத்துக் குழம்பாக்கி, வீடு வீடாக ஒரு கிண்ணம் அனுப்புவார். அந்தக் குழம்பைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கல்யாணம் ஆகாத பயல் என்று எனக்கு மட்டும் ரெண்டு கிண்ணம். பையன்களுக்குக் குடல் கிடையாது, விடுதியில் கஞ்சியும் சாம்பாரும்தான்.

அவருடைய சில்லில் பார்த்தால், பளிங்கு ஓடு. உள்ளே உருண்டை. சுப்பையா விட்டுப்போன பூச்சியேதான். டாக்டரம்மா சாஸரில் போட்டுப் பார்ப்போம் என்றார்கள். அதற்குள் சேதி விடுதி மேனேஜர் ஐயாவுக்குப் போய்விட்டது. மேனேஜர் ஐயா வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி. புலாலை விட்டுப் பல காலம் ஆயிற்று என்று பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்லுவார். தண்ணீர்ப் பஞ்சத்தினால் காம்பவுண்டுக் கேணிக்கு மூடி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துவைத்திருந்தார். வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளந்துதான் விடுவார். பூச்சி உள்ளவன் அடுப்பில் நிற்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாலவனத்தத்திலிருந்து ஒரு சமையல்காரரைக் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸுக்குள் ஞானமுத்துவுக்குச் சுத்தம் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பாலவனத்தத்துக்காரருக்கே வேலை நிரந்தரம்.

ஞானமுத்து அண்ணாச்சிக்குக் கரண்டியைத் தவிர வேறொன்றைப் பிடிக்கத் தெரியாது. என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, வெறும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்துகொண்டே இருப்பார். பார்க்க எனக்கு அழுகை வரும். புது ஆளின் சாம்பாரைத் தின்றதால் வந்த அழுகையும் அதில் கொஞ்சம் உண்டு. ஒரு நாள் அண்ணாச்சி சொன்னார்: "சீக்குக்காரன்னு ஒதுக்கிவச்ச நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கேன் தம்பி. நல்லா இருந்த பயலுகளுக்குல்ல அவன் சாம்பாரு சீக்கு குடுக்குது."

வீட்டுக்காரி கொடுத்தது

திங்கட்கிழமைதோறும் டப்பியோடு வருவார். திங்கட்கிழமைதோறும் முட்டை இருக்கும். அவருக்கு விடுதி அடுப்புத்தானே தடை, வீட்டு அடுப்பு இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வீட்டில் குடல் கொதித்தது. துக்கத்தை ஆற்றிக்கொள்ள முன்னைவிடக் கூடுதலாகவே தின்றதாகப் பிற்பாடு சொன்னார்.

டாக்டரம்மாவின் சாஸர்தான் பெரிய புதிராக இருந்தது. அந்த முட்டை ரெண்டாகவும் பிரியவில்லை, நாலாகவும் பிரியவில்லை. போட்டது போட்டபடி கிடந்தது. அவர்கள் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மேனேஜர் ஐயாவுக்கு அதெல்லாம் அக்கறை இல்லை. முட்டை இருக்கா, இல்லையா?

ஒரு திங்கட்கிழமை அண்ணாச்சி சிரித்த முகமாக வந்து டப்பியைக் கொடுத்தார். பார்த்தேன், முன்னைவிட அதிகமாக இருந்தது. சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது அவருடையது இல்லையாம். அவர் மனைவி சலோமியக்காவுடையதாம். மத்தியானத்துக்குள் அக்கா வந்துவிட்டார்கள், முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு. எனக்கு ஒரு சீக்கும் கிடையாது, எனக்குப் பூச்சி என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார்கள். உங்கள் பேரில் நான் எதுவும் சொல்லவில்லையே அக்கா, டப்பி அண்ணாச்சி பேரில்தானே வந்தது என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்தார்கள். கோபம் தணிந்து, "அப்பச் சரி. அவருக்காகக் குடுத்ததுல இருக்குற பூச்சி அவரு பூச்சிதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

உபதேசியார் உபகாரம்

அதற்கடுத்த டப்பி புத்தம் புதுசாக, பவுடர் வாசனையோடு வந்தது. எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வந்ததைப் பார்ப்பது என் வேலை, யாருடையது என்று விசாரிப்பது போலீஸ் வேலை. பார்த்தேன். அதிலும் இருந்தது. இந்த உலகத்தில் பூச்சி இல்லாத ஆளே கிடையாதா தம்பி என்று கேட்டுவிட்டு, அண்ணாச்சி வந்த வழியே திரும்பினார்.

சாயங்காலம் எங்கள் கோயில் உபதேசியார் வந்தார். எறும்பை மிதித்தால்கூட அதற்கு ஜெபம் பண்ணுகிற மனுஷன். கதவைச் சாத்திவிட்டு, அந்த டப்பி தன்னுடையது, ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வருகிறதே என்று மனசு பொறுக்காமல் கொடுத்ததாகச் சொல்லி, தன் உயிருக்கு ஏதாவது ஆபத்து உண்டா என்றார். எனக்குக் குறும்பு. ஆபத்தை விடுங்கள் ஐயா, உங்களைப்போன்றவர் இப்படிப் பொய்யாக ஒரு டப்பி கொடுக்கலாமா என்றேன். அவர் பதறவே இல்லை. "யாருதுன்னு நீரு ஒரு வார்த்தை கேக்கலையே தம்பி. கேட்டிருந்தா நெசத்தைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

கழுவாத குடல்

இதற்குமேல் தாங்காது என்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவர்கள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வயிறு, மூன்றிலும் ஒரே முட்டை, மூன்று பேரும் திடமாக இருக்கிறார்கள். வயிறு கெட்டுக் கிடக்கிற பையன்களிடம் ஒருத்தனிடமாவது இந்த முட்டை உண்டா? இல்லை. அவர்களுக்கு இருந்தது ஊருணித் தண்ணீரில் வந்த சீதபேதிக் கிருமி. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்க ஆரம்பித்ததுமே குறைந்துவிட்டது. பெரியவர்கள் மூன்று பேரும் தின்று, பையன்கள் தின்னாத பண்டம் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நாக்கில் நீர் ஊறியது.

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆட்டுக் குடலில் இருந்த ஆட்டு முட்டை, குழம்போடு வெந்து, மனுஷ வயிற்றுக்குள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்திருக்கிறது. மனுஷ உடம்பில் அது தங்கவும் தங்காது, ஒரு கெடுதலும் செய்யாது. வெந்து செத்ததை ஆறு மாதம் சாஸரில் வைத்தாலும் எப்படிப் பிரியும்? நான் ஓடிப்போய் என்னுடையதையும் பார்த்தேன். தாராளமாக இருந்தது. ரெண்டு கிண்ணம் அல்லவா?

ஆனால் டாக்டரம்மாவுக்கு ருசு வேண்டும். வேகாத குடலை வாங்கி வந்து சாஸரில் போட்டு, நாலாகப் பிரிகிறதா பார்க்கவேண்டும். கறிக்கடைக்குப் போனேன். குடல் வேணும், கழுவாதது வேணும், தண்ணியே படக்கூடாது என்றேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நல்ல குடலாக எடுத்துக்கொடுத்தார், நான் உள்ளே அழுக்கு நிறைய இருக்கிறதாகப் பார்த்துப் பொறுக்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆஸ்பத்திரியில சேந்தா ஆளு இப்பிடி ஆயிருவாகன்னு கேள்விப்பட்டேன். இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

வாசனைக்கு வந்தது

சாஸரில் அது அச்சடித்தாற்போல நாலாகப் பிரிந்தது. ஆட்டுக்கிருமிதான். டாக்டரம்மா மேனேஜர் ஐயாவை வரவழைத்துச் சொன்னார்கள். அவர் மசியவில்லை. குடல் தின்றதால் வருகிறது என்கிறீர்கள், பையன்கள் இருக்கட்டும், தின்னாத பெரியவன் ஒருத்தனிடம் இல்லை என்று காட்டினால் அல்லவா நம்பலாம் என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார்கள். காம்பவுண்டில் புலால் தொடாத பெரியவர் நீங்கள் ஒருத்தர்தான், நீங்களே ஒரு திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துபோகும் என்றார்கள். மேனேஜர் ஐயா இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டார். ஆனால் பேசிய பேச்சை எப்படி மாற்றுவது?

மைக்கூடு ஒன்றில், வெள்ளைக் கைக்குட்டை சுற்றி வந்தது. பார்த்தேன். எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது, அதனால் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து டாக்டரம்மாவுக்கு இடம் விட்டேன். அவர்களும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மேனேஜர் ஐயாவுக்கு இடம் விட்டார்கள். அவர் ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். ஞானமுத்து வீட்டுப் பின்வாசல் வழியாக ஞாயிறுதோறும் ஒரு மூடிபோட்ட கிண்ணம் எங்கே போகிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கிற்று. அடுப்பைப் பறித்தவருக்கும் கிண்ணத்தை நிறுத்தாமல் அனுப்பியிருக்கிறார் அந்த மனுஷன். மேனேஜர் ஐயா நிமிர்ந்தார், ஜிப்பாவை நீவிவிட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம அந்தப் பக்கமா நடந்து போனேன். வாசனைக்கு வந்திருக்கும்" என்றார்.

சீக்கே இருக்கட்டும்

அன்று சாயங்காலமே ஞானமுத்து அண்ணாச்சியையும் சலோமியக்காவையும் கூப்பிட்டார்கள். அடுப்பு திரும்பக் கிடைத்துவிட்டது என்று அவர் கால் தரையில் நிற்காமல் குதிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்கள்: உங்களுக்கு வியாதி எதுவும் இல்லை, குடல் சரியாகக் கழுவப்படாததால் ஆட்டுக் கிருமி குழம்போடு வந்திருக்கிறது, அவ்வளவுதான், அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணாச்சி முகம் கறுத்துப்போயிற்று. பிறகு அந்தக் குழந்தைக் குரலில், "எனக்குச் சீக்குன்னே எழுதிருங்கம்மா. வேலை போனாலும் போகட்டும். குடல் கழுவத் தெரியாதவன்னு மட்டும் எழுதிறாதீக" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு ஓடிப்போயிற்று. இத்தனை நாள் வேலைக்காகத் தவித்த மனுஷன், பேருக்காக அந்த வேலையை ஒரே பேச்சில் தூக்கிப் போடுகிறார். டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி, நல்லாக் கழுவுவீங்களா இல்லையா என்று மெதுவாகக் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் மேனேஜர் ஐயா நிற்கிறாரே, என்ன சொல்லுவார்? சலோமியக்காவுக்கு அந்தத் தாட்சணியம் எல்லாம் கிடையாது. மேனேஜர் ஐயாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்கள்: "குடலை நாலு தண்ணியில அலசணும். குடிக்க ஒரு குடம், புழங்க ஒரு குடம்னு அளந்து விட்டுட்டு, சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டா, எச்சியைத் துப்பியா கழுவ முடியும்?"

கிறிஸ்துமஸ் குடல்

டாக்டரம்மா 'நோய் இல்லை' என்று மட்டும் எழுதினார்கள். அதுவும் உண்மைதானே. பாலவனத்தத்துக்காரர் ஊருக்குப் போனார். பையன்கள் வண்டிப்பாதை வரை கூடப் போய் வழியனுப்பினார்கள். ஐப்பசியில் மழையும் கொட்டியது. கேணி நிறைந்து, சாவிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் ஞானமுத்து அண்ணாச்சி அதற்கப்புறம் குடலைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம் பங்குக்கு வந்த குடலைக் காக்காய்க்குப் போட்டார். காம்பவுண்டே துக்க வீடு மாதிரி ஆயிற்று. கிறிஸ்துமஸுக்குப் பையன்களையும் சேர்த்துக் காம்பவுண்டுக்கே பொதுப் பந்தி, அன்றைக்கு மட்டும் வைத்துத் தருகிறேன், ஆனால் பூதக்கண்ணாடி பார்த்துச் சுத்தம் என்று சொன்னால்தான் சட்டி ஏறும் என்று கடைசியில் சம்மதித்தார்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்தேன். என் ஜன்னலுக்கு வெளியே செம்போடு நிற்கிறார். குடலைக் குச்சியில் மாட்டிப் புரட்டி, சுண்ணாம்பும் மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, அந்தக் கடைசித் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார். பண்டிகை நாளும் அதுவுமாகக் குனிந்து பார்த்தேன். ஒன்று இருந்தது. சொன்னேன். திரும்பிப் போய் மறுபடி அலசிக் கொண்டுவந்தார். அதிலும் ஒன்று. குடல் சுவருக்குள்ளேயே இருப்பது எத்தனை அலசினாலும் முழுக்கப் போகாது, வெந்தால் கெடுதலும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார்கள். கெடுதலைப் பற்றி நான் கேட்கவில்லை, சுத்தமா இல்லையா என்று தம்பி சொல்லட்டும் என்று பதில் வந்தது. மறுபடி செம்பு. மறுபடி ஒன்று. உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. மணக்கவேண்டிய நேரத்தில் காம்பவுண்டில் சுண்ணாம்பு நாற்றம். பையன்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். உபதேசியார் ரெண்டு தரம் வந்து எட்டிப்பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனார். சலோமியக்கா என் ஜன்னலைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அண்ணாச்சி அடுத்த செம்பை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விரல் எல்லாம் சுண்ணாம்பில் வெந்து வெளுத்திருந்தது. நான் சில்லைப் பொருத்திக் கண்ணைக் கொண்டுபோனேன். பின்னால் கதவு திறந்தது. வெள்ளை ஜிப்பா. எழுத்தில் இல்லாவிட்டால் எதையும் நம்பாத மேனேஜர் ஐயா என் தோளில் கை வைத்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "தம்பி, இந்த ஒரு தடவை மட்டும் ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டுப் பாரும்" என்றார்.

வயிற்றைவிட்டு வெளியே வந்ததை நான் பார்த்தவரைக்கும் என்னை ஒருவரும் பகைக்கவில்லை, வயிற்றுக்குள் போக இருந்ததைப் பார்த்த அந்த ஒரு நாள்தான் பந்தியில் எனக்குக் கடைசி இலை போட்டார்கள்.